பத்து விரலில் பத்துப் பிறை!

67 வயதில், அமெரிக்காவில், மகள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை மேல் இரண்டு கைகளையும் பரப்பி வைத்துக்கொண்டு, மூக்கு அரித்தாலும் சொறியக் கூடாது என்ற கடுமையான உத்தரவுக்குக் கட்டுப்பட்டு, முக்கால் மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆபரேஷன் ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள். நெயில் பாலிஷ்!

கும்பகோணத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் 34 வருஷம் கணக்கு டீச்சர் நான். அசெம்பிளியில் வரிசையாக நின்ற பெண்களைப் பார்த்து, 'கையை நீட்டு' என்று எத்தனை ஆயிரம் தடவை அதட்டியிருப்பேனோ, கணக்கு டீச்சருக்கே கணக்குத் தெரியாது. அப்பேர்ப்பட்டவளைப் பார்த்து 12 வயது வாண்டு ஒன்று, ''பாட்டி, கையை நீட்டுங்க... ஐயோ, ஆடாதீங்க!'' என்று அதட்டியது. என் பேத்தி அனு. காலம் யாரை விட்டது!

விஷயம் இதுதான். அனுவின் பள்ளிக்கூடத்தில் ஒரு நாடகம். 1930களின் ஹாலிவுட்டில் நடக்கிற கதை. அனுவுக்கு சினிமா நட்சத்திர வேஷம். ''தலைமுடியும் டிரஸ்ஸும் மட்டும் போதாது. நகமும் அந்தக் காலத்து நகமா இருக்கணும்'' என்று நாடக டீச்சர் சொல்லி அனுப்பிவிட்டார். அனு பழைய நடிகைகளின் படங்களைத் தேடிப் பிடித்து, கைகளை மட்டும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். அதற்குப் பெயர் 'மூன் மேனிக்யூர்'. தமிழில் சொல்வதென்றால், பிறை நகம்.

நகத்தின் அடியில் வெள்ளையாக ஒரு பிறை தெரியுமே, பார்த்திருக்கிறீர்களா? இப்போதே உங்கள் கட்டைவிரலைப் பாருங்கள், தெரியும். அந்தப் பிறையைத் தொடாமல் விட்டுவிட்டு, அதற்கு மேலே மட்டும் சிவப்பு பூச வேண்டும். சில பேர் நகத்தின் நுனியையும் ஒரு கோடு வெள்ளையாக விட்டுவிடுவார்கள். 1920களிலும் 30களிலும் கொடிகட்டிப் பறந்த ஃபேஷன் இது.

''முதல்ல உங்க நகத்துல ட்ரையல் பாட்டி. நல்லா வந்துச்சுன்னா எனக்கு.''

அதாவது, சோதனைச்சாலை எலி நான்! பேத்தி கேட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? ''சரிடி கண்ணு'' என்றேன்.

அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்த என் மகள் உமா சட்டென்று திரும்பினாள். ''யாருக்கு? அம்மாவுக்கா? நெயில் பாலிஷா?''

கேட்டாளே தவிர, சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். தோசை கருகிப் போயிற்று. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். முதலில் ஊரைச் சுற்றிக் காட்டிவிடுகிறேன்.

உமா குடியிருப்பது கல்வர் சிட்டி. லாஸ் ஏஞ்சலீஸ் நகரம் ஏறக்குறைய நாலு பக்கமும் சூழ்ந்திருக்க, நடுவில் தனி நகராட்சியாக இருக்கிற சின்ன ஊர். சாயங்காலம் மாப்பிள்ளை என்னை நடக்க அழைத்துப் போவார். வாஷிங்டன் பூல்வார்டு என்ற சாலையில் உயர உயரமாகத் தூண்கள் வரிசை கட்டி நிற்கின்றன.

''இது என்ன மாப்பிள்ளை, கோயிலா?'' என்றேன்.

''இல்ல அத்தை, பழைய எம்.ஜி.எம். ஸ்டுடியோ. சிங்கம் கர்ஜிக்குமே, அந்தக் கம்பெனி.''

அன்று ராத்திரி கும்பகோணத்துக்கு வீடியோ காலில் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். ''அட, எம்.ஜி.ஆருக்கு அங்கேயும் ஸ்டுடியோ இருந்துதா!'' என்று பூரித்துப்போனார். காது கொஞ்சம் மந்தம். ரசிகர் மனசு மட்டும் பளிச்சென்று இருக்கிறது. நான் திருத்தவில்லை.

எம்.ஜி.எம். ஆரம்பமானது 1924இல். 'விஸார்ட் ஆஃப் ஆஸ்' படம் (1939) இந்த வளாகத்துக்குள்தான் எடுத்தார்கள். இப்போது சோனி பிக்சர்ஸ் கையில் இருக்கிறது. இந்த ஸ்டுடியோவில் பியாட்ரிஸ் கே என்று ஓர் அம்மாள், நட்சத்திரங்களுக்கு நகம் திருத்துவதையே உத்தியோகமாகப் பார்த்து வந்தார். பிறை நகம் என்றாலே அவர் பெயரைத்தான் சேர்த்துச் சொல்கிறார்கள். ஆக, எங்கள் நாடகத்துக்கு வேண்டிய நகம் பிறந்த இடம், உமா வீட்டிலிருந்து நடக்கிற தூரம்!

அந்தக் காலத்தில் பிறையை ஏன் விட்டார்கள்? முழுக்கப் பூசினால் நகத்துக்கு மூச்சு முட்டும் என்று ஒரு பயம். நகத்துக்கு ஏது மூச்சு? அது உயிரில்லாத பொருள். உயிர் இருப்பது அடியில், தோலுக்குள். ஆனால், பிறையை விட்டதில் ஒரு சௌகரியம் தானாகவே வந்தது. விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். முழுக்கப் பூசிய நகம் பத்தே நாளில் அடியில் வெள்ளையைக் காட்டி, 'போட்டு நாளாச்சு' என்று ஊருக்கே சொல்லிவிடும். ஏற்கெனவே பிறை விட்ட நகத்தில் அது அவ்வளவாகத் தெரியாது.

இதைக் கேட்டதும் எனக்கு என் அம்மாவின் கை ஞாபகம் வந்தது. ஆடி வந்தால் மருதாணி அரைத்து, விரலுக்கு விரல் தொப்பி வைத்துக்கொள்வாள். ஆவணியில் பார்த்தால் உள்ளங்கைச் சிவப்பு போயிருக்கும். நகத்துச் சிவப்பு மட்டும் அப்படியே இருக்கும். அடியில் புது நகம் வெள்ளையாகப் பிறை பிறையாக எட்டிப்பார்க்கும். பியாட்ரிஸ் கே கேள்விப்பட்டிருந்தால், 'என் டிசைனை யார் காப்பியடித்தது?' என்று கோபித்துக்கொண்டிருப்பார்!

எங்கள் ஊரில் நெயில் பாலிஷ் என்று யார் சொன்னார்கள்? க்யூடெக்ஸ்தான். 'லாக்மே க்யூடெக்ஸ் ஒண்ணு கொடுங்க' என்று கேட்டு வாங்குவார்கள். க்யூடெக்ஸ் என்பது ஓர் அமெரிக்கக் கம்பெனியின் சரக்குப் பெயர். நார்தம் வாரன் என்பவர் 1911இல் ஆரம்பித்தார். முதலில் விற்றது பாலிஷ்கூட இல்லை. நகத்தைச் சுற்றியுள்ள தோலை நீக்குகிற மருந்து. அந்தத் தோலுக்கு 'க்யூட்டிகிள்' என்று பெயர்; அதிலிருந்து க்யூடெக்ஸ். பிறகு 1932இல் ரெவ்லான் வந்தது. சார்லஸ் ரெவ்சன், அவருடைய சகோதரர், சார்லஸ் லாக்மன் என்ற கெமிஸ்ட் ஆகிய மூன்று பேரின் கூட்டு. ரெவ்சன் பெயரின் நடுவில் லாக்மனின் 'ல்' நுழைந்து ரெவ்லான் ஆயிற்று. நம் லாக்மே 1952இல் டாடா ஆரம்பித்தது. பிரெஞ்சு ஆபரா ஒன்றின் பெயர் அது. நம் லட்சுமிதான் பிரெஞ்சுக்காரர் வாயில் அப்படி ஆகிவிட்டாள்.

சரி, ஹாலிவுட்டுக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை உமா, அனு, நான் மூன்று பேரும் கிளம்பினோம். கார் வேண்டாம் என்று நான்தான் அடம்பிடித்தேன். கல்வர் சிட்டியில் ரயிலேறி, நகர மையத்தில் வேறு ரயிலுக்கு மாறி, ஹாலிவுட்-ஹைலண்ட் ஸ்டேஷனில் இறங்கினோம். மேலே வந்தால், நடைபாதையெல்லாம் நட்சத்திரம். ஒவ்வொன்றிலும் ஒரு பிரபலத்தின் பெயர். பெயரை மிதிக்கக் கூடாது என்று நான் தாண்டித் தாண்டிப் போக, எதிரே வந்தவர்கள் எனக்கு ஏதோ வியாதி என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பக்கத்திலேயே சைனீஸ் தியேட்டர். 1927இல் திறந்தது. வாசல் தரையில் நட்சத்திரங்கள் ஈர சிமெண்டில் கையையும் காலையும் பதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முதலில் பதித்தவர்கள் மேரி பிக்ஃபோர்டும் அவர் கணவர் டக்ளஸ் ஃபேர்பாங்ஸும். மர்லின் மன்றோவும் ஜேன் ரஸ்ஸலும் 1953இல் சேர்ந்து வந்து பதித்தார்கள். ஷெர்லி டெம்பிள் பதித்தபோது (1935) அந்தக் குழந்தைக்கு ஏழு வயதுகூட முடியவில்லை. அனு குனிந்து தன் கையை அதில் வைத்துப் பார்த்தாள். ''பாட்டி, என் கை எவ்ளோ பெருசு!'' என்றாள். நானும் ஒரு நடிகையின் கைத்தடத்தில் கை வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. பெயரைப் படிப்பதற்குள் பின்னால் நின்ற கூட்டம் நெருக்கிவிட்டது. யாராக இருந்தால் என்ன, கை ஒன்றுதான்.

அங்கிருந்து திரும்பி, ஹைலண்ட் அவென்யூ முனையில் திரும்பினால் ஒரு பழைய கட்டடம். மேக்ஸ் ஃபேக்டர் கட்டடம். போலந்தில் பிறந்து, ரஷ்ய நாடக அரங்குகளுக்கு டோப்பா முடியும் ஒப்பனையும் செய்துகொண்டிருந்தவர் அவர். 1904இல் அமெரிக்காவுக்குக் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். சினிமா வளர வளர அவரும் வளர்ந்து, 1935இல் இந்த ஒப்பனை மாளிகையைத் திறந்தார். மூன்று வருஷம்கூட அனுபவிக்கவில்லை, 1938இல் காலமாகிவிட்டார். 2003இலிருந்து இது ஹாலிவுட் மியூசியம்.

கீழ்த்தளத்தில் நான்கு ஒப்பனை அறைகள். தலைமுடியின் நிறத்துக்கு ஓர் அறை. பொன் முடிக்காரிகளுக்கு நீலச் சுவர். செம்முடிக்குப் பச்சைச் சுவர். கருமுடிக்கு ரோஜா நிறம். பழுப்பு முடிக்குப் பீச் பழ நிறம். ஒவ்வொரு முடிக்கும் மேனிக்கும் எந்தச் சுவர் எடுப்பாக இருக்கும் என்று யோசித்துக் கட்டியிருக்கிறார் மனுஷர். வாசலில் 'இன்ன முடிக்காரர்களுக்கு மட்டும்' என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். நான் நாலு வாசலிலும் நின்று பார்த்தேன். முன்பக்கம் நரை, நடுவில் சாயம், நுனியில் மருதாணிச் செம்பட்டை – எனக்கு எந்த ரூமும் இல்லை. வராந்தாதான்.

அங்கே மாட்டியிருந்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் அனு கைகளை மட்டும் தேடினாள். நானும் தேடினேன். கறுப்பு வெள்ளையில் சிவப்பு நகம் கறுப்பாகத்தான் தெரியும். கறுத்த நகத்தின் அடியில் வெள்ளையாக ஒரு பிறை. கண்டுபிடித்ததும் பாட்டியும் பேத்தியும் லாட்டரி விழுந்த மாதிரி கூச்சல் போட்டோம்.

நிலவறையில் திகில் சமாசாரங்கள். 'சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' படத்தில் ஹானிபல் லெக்டர் என்ற மனிதமாமிசம் தின்னும் டாக்டரை அடைத்துவைத்த சிறை வராந்தாவை அப்படியே வைத்திருக்கிறார்கள். கம்பிக்கு அருகில் நின்ற என்னை உமா போட்டோ எடுத்தாள். எடுத்துவிட்டு, ''அசெம்பிளிக்கு பிளேடோட வர்ற டீச்சருக்குப் பொருத்தமான இடம்தான்'' என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். அனு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால், படியேறி வரும்போது முழங்காலோடு வேறு ஏதோ ஒன்றும் வலித்தது.

வரும் வழியில் ஒரு நகக் கடையில் விலை விசாரித்தோம். பிறை நகம் போட ஓர் ஆளுக்கு 40 டாலர். மனசு தானாகவே பெருக்கிப் பார்த்து, மூவாயிரத்துச் சொச்சம் என்றது. ''வீட்டுலயே போட்டுக்கலாம்'' என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம்.

கடைக்குள் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் வியட்நாமியர்கள். கலிஃபோர்னியாவில் நகக் கடை என்றாலே பெரும்பாலும் அவர்கள்தானாம். அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. வியட்நாம் போர் முடிந்த 1975இல், கலிஃபோர்னியாவின் வடக்கே ஓர் அகதி முகாம். ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' படத்தில் நடித்த டிப்பி ஹெட்ரன் அங்கே உதவிக்குப் போயிருக்கிறார். முகாமிலிருந்த பெண்கள் அவருடைய நகங்களையே அதிசயமாகப் பார்த்தார்களாம். இந்த அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? தனக்கு நகம் திருத்துகிற பெண்ணையே முகாமுக்கு அழைத்து வந்து, 20 பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க வைத்தார். நாடு இழந்து, மொழி தெரியாமல் வந்த பெண்கள் நகத்தைப் பிடித்துக்கொண்டு கரையேறினார்கள். அவர்களைப் பார்த்து உற்றாரும் உறவினரும் கற்றுக்கொண்டு, அது பெரிய தொழிலாகிவிட்டது.

ரயிலில் வரும்போது இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரு பெண் ஆசையாக நகத்தைப் பார்த்தால் ஒருத்திக்குத் தொழில் கற்றுக்கொடுக்கத் தோன்றுகிறது. இன்னொருத்திக்கு பிளேடு எடுக்கத் தோன்றுகிறது.

சரி, கடமைக்கு வருவோம். சாப்பாட்டு மேஜையில் பேப்பர் விரித்து, அனு கடை பரப்பினாள். நிறமில்லாத அடிப்பூச்சு, ரத்தச் சிவப்பில் ஒரு பாட்டில், பளபளப்புக்கு மேல்பூச்சு, பஞ்சு, ரிமூவர். அப்புறம், ஃபைலில் கோக்கிற தாளின் ஓட்டை கிழியாமல் இருக்கச் சுற்றி ஒட்டுவோமே, அந்த வட்ட ஸ்டிக்கர் ஒரு பாக்கெட்! ஆபீஸ் ரூமில் வாழ்நாளெல்லாம் ஒட்டிய சாமான் ஹாலிவுட் அழகுக்கு உதவும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? வட்டத்தின் வளைவு சரியாகப் பிறை அளவுக்கு உட்காருகிறது.

முதல் சோதனை இடது கை. அடிப்பூச்சு பூசி, காய்வதற்குள் அவசரப்பட்டு ஸ்டிக்கரை ஒட்டினாள். எடுக்கும்போது அதுவும் சேர்ந்து உரிந்து வந்தது. தோல்வி. இரண்டாவது தடவை, சிவப்பைத் தாராளமாக அப்பினாள். ஸ்டிக்கருக்கு அடியில் புகுந்து, பிறைக்கு கிரகணம் பிடித்துவிட்டது. மூன்றாவது தடவை, சிவப்பு முழுக்கக் காயட்டும் என்று காத்திருந்து எடுத்தோம். ஓரம் பிய்ந்து, எலி கடித்த நிலா ஆயிற்று.

நான்காவது தடவைதான் பிடிபட்டது. அடிப்பூச்சு நன்றாகக் காய வேண்டும். ஸ்டிக்கரின் விளிம்பை அழுத்தித் தேய்க்க வேண்டும். சிவப்பு மெல்லிசாக இரண்டு பூச்சு. இரண்டாவது பூச்சு பாதி காய்ந்து, பிசுபிசுப்பு இருக்கும்போதே மெல்ல உரிக்க வேண்டும். கடைசியில் மேல்பூச்சு. இன்னொரு சங்கடம், எல்லா விரலிலும் பிறை ஒரே அளவில் இல்லை. என் கட்டைவிரலில் வளர்பிறை. சுண்டுவிரலில் அமாவாசை! இல்லாத பிறையை இருப்பதாகப் பாவித்து ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒவ்வொரு தோல்விக்கும் அனு பஞ்சில் ரிமூவரைத் தொட்டு ஒரே இழுப்பு. நகம் சுத்தம். மாப்பிள்ளை பெயிண்ட் கம்பெனியில் கெமிஸ்ட். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். ''பாலிஷ் காயறதுன்னா வேற ஒண்ணும் இல்ல அத்தை. கரைப்பான் ஆவியாப் போயிடுது. உள்ளே இருக்கிற நைட்ரோசெல்லுலோஸ் படலமா தங்கிடுது. திரும்ப கரைப்பான் பட்டா திரும்பக் கரைஞ்சிடும். எத்தனை நாள் ஆனாலும் சரி.''

1920களில் காருக்குப் பூசிய பெயிண்டும் இந்த நைட்ரோசெல்லுலோஸ்தானாம். 1950களின் தொடக்கம் வரை சினிமா ஃபிலிம் செய்ததும் இதில்தானாம். ஆக, திரையில் ஓடிய ஃபிலிமும், அதில் நடித்தவளின் நகப்பூச்சும், அவள் வந்து இறங்கிய காரின் பளபளப்பும் ஒரே சரக்கு! சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால், பாட்டிலை அடுப்புக்கிட்டே வைக்கக் கூடாது என்றும் சொன்னார்.

எனக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. 'எத்தனை நாள் ஆனாலும் கரைஞ்சிடும்' என்பதிலேயே நின்றுவிட்டேன். ஒரு பஞ்சு, ஒரு சொட்டு. இவ்வளவுதானா?

இனிமேல் மறைக்க முடியாது. சொல்லிவிடுகிறேன்.

1994. உமா ஒன்பதாம் வகுப்பு, நான் வேலை பார்த்த அதே பள்ளியில். தஞ்சாவூரில் ஒரு கல்யாணம். சத்திரத்தில் அக்கா தங்கைகள் கூடி உட்கார்ந்து ஆளுக்கு ஆள் க்யூடெக்ஸ் போட்டுக்கொண்டார்கள். நல்ல சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீடு திரும்பினோம். நான் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். உமா வந்து நின்று, ''அம்மா, நாளைக்கு ஸ்கூல். இதை எப்படி எடுக்கறது?'' என்று கேட்டாள். ''அப்புறம் பார்க்கலாம், போ'' என்றேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அப்புறம் மறந்தே போனேன்.

திங்கட்கிழமை அசெம்பிளி. நகம் பார்க்கிற முறை என்னுடையது. மருதாணிக்கு மன்னிப்பு உண்டு, க்யூடெக்ஸுக்கு இல்லை. கையில் காகிதம் சுற்றிய பாதி பிளேடு. அதற்கு முன்னால் நின்ற இரண்டு பெண்களுக்குச் சுரண்டியாயிற்று. அடுத்து நிற்கிறாள் உமா. பின்னால் தலைமையாசிரியை. சுற்றி 800 பெண்கள். 'டீச்சர் பொண்ணுக்கு ஒரு நியாயமா?' என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு. மற்றவர்களுக்கு இரண்டு விரலோடு விட்டவள், அவளுக்குப் பத்து விரலையும் சுரண்டினேன். இடது மோதிர விரலில் பிளேடு அடியில் பட்டு ரத்தம் வந்தது. அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. அதற்கப்புறம் அவள் நெயில் பாலிஷைத் தொடவே இல்லை. அவள் கல்யாணத்துக்குக்கூட மருதாணிதான். 'என் பெண் எவ்வளவு அடக்கம்' என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். எழுதினால்தானே குறையும்.

என் பத்து விரலும் முடிந்ததும் அனு கைதட்டினாள். அடுத்து அவளுக்கு. நானே போட்டுவிட்டேன். 34 வருஷம் கரும்பலகையில் கோடு போட்ட கை, கொஞ்சம் நடுங்கினாலும் வளைவை விடவில்லை. அனு தன் விரல்களை ஆட்டிக்கொண்டு அப்பாவிடம் காட்ட ஓடிவிட்டாள்.

மேஜையில் நான் மட்டும். உமா வந்து எதிரில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பாட்டிலையே உருட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் இடது கையை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

ஒவ்வொரு விரலாக வந்தேன். மோதிர விரலில் ஸ்டிக்கர் ஒட்டக் குனிந்தபோதுதான் பார்த்தேன். நகத்தின் நடுவில், பிறையிலிருந்து நுனி வரைக்கும் முடி கனத்துக்கு ஒரு வரி. பிறை என்பது வெறும் வெள்ளை அடையாளம் இல்லை. நகம் பிறக்கிற இடம் அது. வெளியே தெரிகிற கொஞ்சம்தான் பிறை. அந்த இடத்தில் ஆழமாகக் காயம் பட்டால், வளர்கிற நகமெல்லாம் அந்த வரியோடுதான் வளரும். பழைய நகம் போய்ப் புது நகம் வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. வரி மட்டும் போகவில்லை. 30 வருஷமாக இவள் கையில் தட்டு வாங்கியிருக்கிறேன், காபி வாங்கியிருக்கிறேன். பார்த்ததே இல்லை.

''அன்னிக்கு ராத்திரி நீ வந்து கேட்டே. நான் தலையைக்கூட நிமிர்த்தலை. தப்பு என்னோடதுடி'' என்றேன். குரல் சரியாக வரவில்லை.

உமா வெகுநேரம் பேசவில்லை. ''ரத்தம் வந்ததெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லம்மா. எல்லாரும் பார்த்தாங்களே... அதுதான்'' என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ''ஆடாம போடு. சிவப்பு கோட்டைத் தாண்டுது பாரு'' என்றாள்.

தாண்டித்தான் இருந்தது. கண்ணில் தண்ணி இருந்தால் கோடு எப்படி நேராக வரும்? பஞ்சால் துடைத்துவிட்டு, மறுபடி போட்டேன்.

நாடகம் நன்றாக நடந்தது. நாடக டீச்சர் அனுவின் நகத்தைப் பார்த்து, ''யார் போட்டது?'' என்று கேட்டாராம். ''எங்க பாட்டி, ரிடையர்டு மேத்ஸ் டீச்சர்'' என்றாளாம். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நல்லாசிரியர் விருது அதுதான்.

ஊருக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. பென்ஷன் விஷயமாக பேங்குக்குப் போனபோது, கையெழுத்துப் போட நீட்டிய விரலை கேஷியர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார். பக்கத்து வீட்டு மாமி, ''என்ன டீச்சர், அமெரிக்கா பாதியிலேயே தீர்ந்துபோச்சா? அடியில பூச விட்டுட்டாங்களே!'' என்றார். வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ''எம்.ஜி.ஆர். ஸ்டுடியோவுல போட்டதா?'' என்றார். ஆமாம் என்றேன்.

நகம் வளர்ந்து பிறை கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. பார்க்க அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை.

உமா என் பெண். 30 வருஷம் கழித்தாவது கையைக் கொடுத்துவிட்டாள். அன்று அவளுக்கு முன்னால் வரிசையில் நின்ற அந்த இரண்டு பேர்? அதற்கு முந்தைய வருஷங்களிலும் பிந்தைய வருஷங்களிலும் நின்றவர்கள்? முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை. அவர்களுக்கு என் முகம் கட்டாயம் ஞாபகம் இருக்கும். அவர்களில் யாராவது இதைப் படித்தால், கும்பகோணம் பக்கம் வரும்போது அவசியம் வீட்டுக்கு வாருங்கள் அம்மா. சிவப்பு பாட்டில் இருக்கிறது. வட்ட ஸ்டிக்கர் இரண்டு பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். காபி போட்டுத் தருகிறேன்.

'கையை நீட்டு' என்று சொல்ல மாட்டேன். நீங்களாக நீட்டினால் போதும்.